இடது பக்கம் இரண்டு

அந்த மருத்துவக் கல்லூரியில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது முதலாமாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கல்லீரலின் ஓரம் எங்கே முடிகிறது, மண்ணீரல் எவ்வளவு பெரியது, பெருங்குடல் எந்த இடத்தில் திரும்புகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டிய மனைவிக்கே இவ்வளவு தெரியாது. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் போதும்ப்பா" என்று அவள் கையெடுத்துக் கும்பிடுவாள்.

நான்காவது மாடியில் உடற்கூற்றியல் துறை. அங்கே நீள மேஜைகளில், கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்போடு நின்றுபோகிற பிளாஸ்டிக் உடம்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்தைக் கழற்றலாம். குடலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பொறுமை இருந்தால் திரும்பவும் உள்ளே அடுக்கலாம். சிறுநீரகங்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் டக்கென்று வரும். அத்தனையும் லிஃப்ட்காரர்தான். அவரை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை முப்பரிமாண பிரிண்டரில் கொடுத்து அச்சடித்தவை. யாருடைய உடம்பு என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பது துறையின் விதி. எல்லோரும் விதியை மதித்தார்கள். சம்பந்தப்பட்டவர்தான் மதிக்கவில்லை.

"என்னப்பா, இன்னைக்கு எதுவரைக்கும் வந்தீங்க?" என்று லிஃப்ட் கதவை மூடிக்கொண்டே கேட்பார்.

"இரைப்பை வரைக்கும் அண்ணே."

"பாத்து எடுங்க. காலைல சரியா சாப்பிடல."

லிஃப்ட் முழுக்கச் சிரிக்கும். அவருக்கு அது போதும். மற்ற லிஃப்ட்காரர்கள் மாடி எண்ணைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்கள். இவர் பாடப்பொருள். சும்மாவா?

இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்றால், ஓர் ஏணியிலிருந்து வந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஏணி இவருடையது. மனைவியின் தம்பி, அதாவது மைத்துனன், டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். புதுப் பெயர்ப்பலகை மாட்டவேண்டும் என்று அந்த ஏணியை இரவல் வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது நடுவில் ஒரு படி இல்லை. "என்ன மாப்ள, படி எங்க?" என்று இவர் கேட்டார். "வாங்கிட்டுப் போகும்போதே இல்லையே மாமா" என்று அவன் சொன்னான். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஏணியைச் சரிசெய்ய இவர் ஒப்பவில்லை. சரிசெய்தால் சாட்சி போய்விடும் என்று வீட்டின் பின்சுவரில் அப்படியே சாத்தி வைத்தார். நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிற மனுஷன் ஒரு ஏணிக்காகச் சொந்தத்தை முறித்துக்கொண்டார் என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், உண்மை உண்மைதான் என்றார்.

அப்புறம் மைத்துனனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போயின. வீட்டில் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார்கள். அக்காவுக்குச் சர்க்கரை. மற்றவர்களுக்கு ரத்தம் பொருந்தவில்லை. கடைசியில் யாரும் எதிர்பார்க்காமல் இவருக்குப் பொருந்தியது. மனைவி தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். இவரே போய் முன்னால் நின்றார்.

"குடுக்குறேன்னு சொல்லிடு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "அப்ப சண்டை தீந்துச்சா?"

"அது எப்படித் தீரும்? ஏணி வேற, கிட்னி வேற."

அதே கொள்கையோடுதான் ஆஸ்பத்திரியில் படுத்தார். பக்கத்துப் பக்கத்து அறை. நலம் விசாரிப்பதென்றால்கூட மனைவிதான் இங்கும் அங்கும் தூது ஓடினாள். அதற்கு முன்னால் எடுத்த ஸ்கேனில்தான் அந்த விஷயம் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தக் குழாய்தான் போகும். இவருக்கு இடது பக்கம் இரண்டு. எடுக்கிறதும் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம்தான் என்பதால், அறுவை மருத்துவர் ஒத்திகை பார்க்க வசதியாக ஸ்கேனை வைத்து ஒரு பிளாஸ்டிக் மாடல் செய்யச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணு அதிகமா இருக்கு" என்று காட்டினார்.

மருத்துவர் அதைத் தொந்தரவு என்ற பொருளில்தான் சொன்னார். ஆனால் கேட்டவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எதுவும் அவருக்கு அதிகமாகக் கிடைத்ததில்லை. ஜோடியாக வாங்கிய செருப்பில்கூட ஒன்று சீக்கிரம் தொலைந்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கேட்காமலே ஒன்று கூடுதலாக வந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! "அதான் எனக்குக் களைப்பே வர்றதில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மருத்துவர் விளக்கியது அவர் காதில் ஏறவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் மைத்துனன் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்து, "மாமா, உயிரக் குடுத்திருக்கீங்க" என்றான். இவருக்கும் கண் கலங்கியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்தப் படி மட்டும் சத்தியமா முன்னாடியே இல்ல மாமா" என்று சேர்த்துக்கொண்டான். இவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்த ஒத்திகை மாடலைப் பார்த்த உடற்கூற்றியல் பேராசிரியை, இதே ஸ்கேனிலிருந்து மாணவர்களுக்குக் கழுத்து முதல் இடுப்பு வரை மாடல் செய்யலாமா என்று இவரிடம் அனுமதி கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இவர் பேனாவைத் திறந்துவிட்டார். இப்படித்தான் இடது சிறுநீரகம் கைவிட்டுப் போன மனிதர், இரண்டு சிறுநீரகத்தோடும் நான்காவது மாடியில் வரிசையாக உட்கார்ந்தார். மாணவர்கள் அவருக்கு ரெட்டைக்குழல் அண்ணன் என்று பெயர் வைத்தார்கள்.

பேராசிரியை முதல் வகுப்பிலேயே தெளிவாகச் சொன்னார். இடது பக்கம் இரண்டு என்பது இந்த மனிதருக்கு மட்டும் உள்ளது, பொதுவாக ஒன்றுதான், குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மாணவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு வருஷம் முழுக்க அந்தச் சிவப்புக் குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்கள். காது கேட்டதை மறந்துவிட்டது. கை தொட்டதை மறக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். மெலிந்த உடம்பு, கணீர்க் குரல். முதல் மாணவியிடம், "சிறுநீரகத்துக்குப் போற ரத்தக் குழாய் எத்தனை?" என்றார்.

"வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ரெண்டு சார்."

தேர்வாளர் திருத்தாமல் அடுத்த மாணவனைக் கூப்பிட்டார். அவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். ஒருவன் மட்டும் பயத்தில் இரண்டு பக்கமும் இரண்டு என்றான். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேராசிரியையிடம் வந்தார்.

"மேடம், உங்க ஊர்ல மட்டும் மனுஷங்கள வேற மாதிரி படைச்சிருக்கா?"

பேராசிரியை நடந்ததைச் சொன்னார். ஸ்கேனையும் எடுத்துக் காட்டினார். தேர்வாளர் நியாயமான மனிதர்தான். வேறு கேள்வி கேட்டு எல்லோரையும் கரையேற்றிவிட்டார். ஆனால் துறைத் தலைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஒரே ஒரு ஆளின் வயிற்றை வைத்து ஊருக்கே பாடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று வருகிற வரைக்கும் இவை எல்லாம் அலமாரிக்குள் போகட்டும் என்றார். துறைத் தலைவரும் சரி என்றார்.

கீழே போக இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். ஓட்டுகிறவர் யாரென்று தேர்வாளருக்குத் தெரியாது.

"அந்தக் கோளாறு மாடல முதல்ல உள்ள வச்சுப் பூட்டுங்க" என்றார்.

துறைத் தலைவர் இருமினார், கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார். பிரயோஜனமில்லை. "கண்ட கண்ட ஆளையெல்லாம் ஸ்கேன் எடுத்தா இதான்" என்று தேர்வாளர் முடித்தார். லிஃப்ட்காரர் திரும்பாமல் பொத்தானை அழுத்தினார். முகம் மட்டும் செங்கல் நிறத்துக்கு வந்தது. அன்றைக்கு லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. யாருமில்லாத மாடியிலும் கதவு முழுசாகத் திறந்து, யோசித்து, முழுசாக மூடியது.

சாயங்காலம் பேராசிரியை லிஃப்டுக்குள் வந்து நின்றார். இவர் மாடி எண்ணைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க. அவர் சொன்னதுல பாதி சரி. ஒரு உடம்ப மட்டும் பாத்தா பசங்க அதையே எல்லாருக்கும்னு நெனச்சுக்கிறாங்க. ரெண்டு உடம்பு பக்கத்துல பக்கத்துல இருந்தா, மனுஷனுக்கு மனுஷன் மாறும்னு தன்னால புரியும்."

"அப்ப இன்னொரு ஆளப் பிடிங்க மேடம். எனக்கென்ன?"

"பிடிச்சிட்டேன். உங்க மைத்துனர். ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கும் ஸ்கேன் எடுத்திருக்காங்க. அவர் சம்மதிச்சா அதையும் அச்சடிச்சுடலாம். உங்க மாடல் அலமாரிக்குப் போகவேண்டாம்."

லிஃப்ட்காரருக்கு வாயில் வேப்பெண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று. "வேற யாருமே கிடைக்கலையா மேடம்?"

"அந்தக் கிட்னி வேற யார்கிட்டங்க இருக்கு?"

லிஃப்ட்காரர் கதவைத் திறந்துவிட்டார். அலமாரிக்குள் போவதா, அவனிடம் போய் நிற்பதா என்று மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கேட்டுப் பாருங்களேன். அவன் என்ன கடிச்சா தின்னுடுவான்?"

"நான் குடுத்தவன். குடுத்தவன் போய்க் கேக்குறதா?"

"குடுத்ததத் திருப்பியா கேக்குறீங்க? படம்தானே."

மறுநாள் லீவு போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். மைத்துனன் காரில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நடுத்தர வயது அம்மாள் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. மைத்துனன் பக்கத்து இருக்கையில். அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வகுப்பை நிறுத்த முடியாது, வேண்டுமானால் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றான். லிஃப்ட்காரர் ஏறிக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னார். மைத்துனன் கண்ணாடி வழியாகவே பேசினான்.

"தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க மாமா. ஒரே ஒரு கண்டிஷன். படி முன்னாடியே இல்லன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்."

"இருந்துச்சு."

பிரேக். கார் குலுங்கி நின்றது. அந்த அம்மாள் ஸ்டியரிங்கில் முகத்தை இடித்துக்கொள்ளப் பார்த்தார்.

"இல்ல."

"கண்ணால பாத்தேன்டா. நான்தானே எடுத்துக் குடுத்தேன்!"

மறுபடி பிரேக். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்னை அழுத்தியது அழுத்தியபடி இருந்தான்.

"என் கிட்னிய உள்ள வச்சுக்கிட்டு என்கிட்டயே பொய் சொல்றியே, அது எப்படிடா உனக்கு ஒத்துக்குது?"

"டாக்டரே ஒத்துக்கிச்சுன்னு சொல்லிட்டார். எனக்கு இப்ப மூணு இருக்குன்னு சொன்னார். என் பழசு ரெண்டையும் எடுக்கல தெரியும்ல?"

"மூணா?" லிஃப்ட்காரருக்கு இது புதுச் செய்தி. தனக்கு ஒன்று, இவனுக்கு மூன்று. கணக்கு எங்கே போய் இடித்ததோ, ரத்தம் தலைக்கேறியது. "எனக்கு ஒண்ணு, உனக்கு மூணு. அப்பவும் ஏணில நான்தான் விட்டுக்குடுக்கணுமா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாள் தாங்கமுடியாமல் வாய் திறந்தார். "ஐயா, கிட்னிய யார் வேணா வச்சுக்குங்க. நான் இப்ப இடது பக்கம் திரும்பணுமா, நேராப் போகணுமா?"

லிஃப்ட்காரர் அந்த முனையிலேயே இறங்கிக்கொண்டார். பஸ் கிடைக்கவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரம் மாடல்களைத் தரைத்தளத்து அலமாரி அறைக்கு இறக்கினார்கள். எதில் இறக்குவார்கள்? லிஃப்டில்தான். துறை உதவியாளர் ஒவ்வொன்றாக உள்ளே வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே, மிச்சத்த எடுத்துட்டு வரேன்" என்று போனார். லிஃப்டுக்குள் லிஃப்ட்காரரும் அவருடைய ஏழெட்டு உடம்புகளும் மட்டும் இருந்தார்கள். அவ்வளவு நெரிசலில் அவருக்கு இத்தனை தனிமை தோன்றியது ஆச்சரியம்தான். பக்கத்தில் இருந்ததன் முன்பக்கத்தை மெல்லக் கழற்றினார். குடலை நகர்த்தி, இடது சிறுநீரகத்தை இழுத்தார். டக்கென்று கையில் வந்தது. இரண்டு சிவப்புக் குழாயும் நீட்டிக்கொண்டிருந்தன.

தன்னிடம் இப்போது இது இல்லை என்பது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் நான்காவது மாடியில் இது பத்திரமாக இருக்கிறது, நாலு பேர் எடுத்துப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் அது போனதாகவே அவருக்குத் தோன்றியதில்லை. இப்போது இதுவும் இருட்டுக்குள் போகிறது. அவருக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதை இருந்த இடத்தில் வைத்து மூடினார். உதவியாளர் திரும்பி வருவதற்குள் ஃபோனை எடுத்தார்.

"மாப்ள, நான்தான். படி இல்ல. முன்னாடியே இல்ல. போதுமா?"

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்றான் மைத்துனன் பயந்துபோய்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போடுவியா மாட்டியா?"

"போடுறேன். ஆனா நாலு பேர் முன்னாடி சொல்லணும்."

"நாப்பது பேர் முன்னாடி சொல்றேன். அனாட்டமி கிளாசுக்கு வந்து சேரு."

மைத்துனனும் அச்சானான். புது வகுப்பு தொடங்குகிற நாளில் அலமாரி திறக்கப்பட்டது. மேஜைக்கு மேஜை இரண்டு உடம்புகள் ஜோடியாக உட்கார்ந்தன. பேராசிரியை இருவரையும் அழைத்திருந்தார். மைத்துனன் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தன் அக்காவையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். லிஃப்ட்காரர் ஓரமாக நின்றார். சொல்லவேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், மருந்து குடிக்கப் போகிற முகத்தோடு.

பேராசிரியை முதல் மாடலிலிருந்து இடது சிறுநீரகத்தை எடுத்தார். இரண்டாவது மாடலில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துகிற இடமான அடிவயிற்றின் வலது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் மைத்துனனிடம் கைக்கொன்றாக வைத்தார்.

"ரெண்டும் ஒரே கிட்னி" என்று மாணவர்களைப் பார்த்துச் சொன்னார். "இது புறப்படுறதுக்கு முன்னாடி. அது போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம். ரெண்டு குழாயையும் தனித்தனியா தைச்சிருக்காங்க, பாருங்க. தனியா வேலை பாக்குறதால அங்க போய்க் கொஞ்சம் வளர்ந்தும் இருக்கு."

"என்கிட்ட இருந்தப்ப இவ்வளவு சதை இல்ல" என்றார் லிஃப்ட்காரர் தன்னை மறந்து. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மைத்துனன் சிரிக்கவில்லை. அவன் முதல் மாடலின் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிறுநீரகம் எடுத்த இடம் காலியாக இருந்தது. காந்தத்தின் வட்டம் மட்டும் தெரிந்தது. இத்தனை நாளும் தனக்குள் வந்ததைப் பற்றித்தான் அவனுக்குத் தெரியும். அது புறப்பட்ட இடத்தை அவன் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு பெருசையா எடுத்துக் குடுத்தீங்க மாமா?" என்றான்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ஏணில..."

"ஏணியப் பத்தி யாரு இப்ப கேட்டா?" என்று மைத்துனன் எரிந்து விழுந்தான். "மேடம் பாடம் நடத்துறாங்க, சும்மா நில்லுங்க மாமா."

என்ன ஏணி என்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்தபோது பின்சுவரில் ஏணி இல்லை. சாட்சியையே தூக்கிவிட்டானே பாவி என்று ஒரு நிமிஷம் பதறினார். மனைவி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே, டிரைவிங் ஸ்கூல் காரின் தலைமேல் கயிற்றால் கட்டப்பட்டு ஏணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதைச் சுவரில் சாத்தி, ஆட்டிப் பார்த்துவிட்டு, விலகி நின்றான்.

லிஃப்ட்காரர் கிட்டப் போய்ப் பார்த்தார். படி போன இடத்தில் புது மரத்தில் படி இருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி இன்னொரு படியும் இருந்தது. நடுவில் பாதம் நுழையக்கூட இடமில்லை.

"போனது ஒண்ணுதானேடா. எதுக்கு ரெண்டு?"

"அது எந்த உயரத்துல இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும், நான்தான் பாக்கவே இல்லையே? உங்க வீட்டுப் பொருள்னா ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்னு வச்சேன்."

லிஃப்ட்காரர் ஒரு காலைத் தூக்கி, புதுப் படியில் வைத்து அழுத்திப் பார்த்தார். தாங்கியது. மேலே ஏறாமல், அங்கேயே நின்றபடி, "காபி குடிச்சிட்டுப் போ மாப்ள" என்றார்.